காகம் துரத்தியதா, தேடியதா? கூடு கலைந்த ஒரு குயில் குஞ்சின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மே மாதக் கடைசி வாரம், திருச்சியின் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றில் நடந்தது இது. மாடி வைத்த தனி வீடு, பின்புறம் கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு பெரிய வேம்பு. வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய பேரனுக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து வீட்டில் ஒரு தையற்காரர். பெயர்கள் இங்கே தேவையில்லை. நான் பறவை பார்ப்பவன். அடிபட்ட பறவை என்று யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன். மருத்துவன் இல்லை. பல வருடமாகச் செய்துவருகிறேன் என்றாலும் தப்பு நடக்கத்தான் செய்கிறது. இதை எழுதுவதும் அதனால்தான்.

வேம்பின் ஒரு கிளை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வளர்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சருகு கொட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியை இரண்டு ஆட்களை வைத்துக் கழிக்கச் சொன்னார். காலை ஏழு மணிக்கு ஏறியவர்கள் ஒன்பதரைக்குள் வேலையை முடித்தார்கள். கிளையின் கவட்டில் கூடு இருந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். "காக்கா கூடுதானே" என்று விட்டுவிட்டார்கள். கூடு கிளையோடு கீழே வந்தது. வெட்டிய கிளைகளைக் கிணற்றடியில் இழுத்துக் குவித்துவிட்டு, நாளை மறுநாள் வண்டி வரும் என்று சொல்லிப் போனார்கள். அந்தக் குவியலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மே மாதம் நம் பக்கத்தில் காகம் குஞ்சு வளர்க்கும் பருவம். குயில் விடிவதற்கு முன்பே கூவித் தூக்கத்தைக் கெடுக்கும் பருவமும் இதுவே. இரண்டும் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் முட்டை பொரிய 12 முதல் 14 நாள், காக முட்டைக்கு அதைவிட இரண்டு மூன்று நாள் கூடுதல். அதனால் குயில் குஞ்சு முந்திக்கொண்டு வெளியே வந்து, முதல் வாய் உணவை வாங்கிக்கொள்ளும். ஆனால் பல கூடுகளில் காகக் குஞ்சுகளும் குயில் குஞ்சும் ஒன்றாகவே வளர்வதுண்டு. கடைசியாகச் சொன்ன இந்த விஷயம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அன்று பயன்படவில்லை.

முதல் நாள்: நான் வருவதற்கு முன்

அன்று நான் அங்கே இல்லை. மறுநாள் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டது இது.

பதினோரு மணி வாக்கில் கிணற்றடியில் காகங்கள் பெருங்கூச்சல் போட்டன. பேரன் ஓடிப்போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பறவை. ஒரு அடி உயரம் எம்பி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. உடம்பில் வெளிர் புள்ளிகள் இருந்ததால் பையன் அதைக் காகக் குஞ்சு என்று நினைக்கவில்லை. "பருந்துக் குஞ்சு பாட்டி" என்றான். ஐந்தாறு காகங்கள் தாழப் பறந்து பறந்து வந்தன. ஒன்று பையனின் தலையைத் தட்டிவிட்டுப் போனது.

ஆசிரியைக்குக் காட்சி உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்ததாகத் தோன்றியது. காகம் பருந்தை விடாது துரத்தும் என்பது யாருக்கும் தெரியும். கீழே பருந்துக் குஞ்சு, மேலே காகக் கூட்டம். ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு வந்து காகங்களை விரட்டினார். பையன் துண்டைப் போட்டுக் குஞ்சைப் பிடித்தான். அவர் மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. கண்ட காட்சிக்கு அந்த முடிவு பொருத்தமானதுதான். காட்சியின் முதல் பாதி அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவே.

அப்புறம் நடந்தது கொஞ்சம் சங்கடமானது. மாடியிலிருந்து தூக்கி விட்டால் பறந்துவிடும் என்று பையனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறை தூக்கிப் போட்டிருக்கிறான். முதல் முறை மாடியிலேயே வடாம் காய்ந்துகொண்டிருந்த வேட்டியின் மேல் விழுந்தது. இரண்டாவது முறை கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே போய்ச் செம்பருத்திச் செடியில் சிக்கியது. செடி இல்லாமல் சிமெண்டுத் தரையாக இருந்திருந்தால் இந்தப் பதிவு இத்தோடு முடிந்திருக்கும்.

வீட்டின் பின்கட்டில் கோழி வளர்த்த காலத்துப் பஞ்சாரம் ஒன்று இருந்தது. அதைக் குஞ்சின் மேல் கவிழ்த்து வைத்து, இங்க் ஃபில்லரில் பால் எடுத்து வாயில் விட்டார்கள். தயிர்சோறும் வைத்தார்கள். பால் பாதி கழுத்தில் வழிந்தது, சோற்றை அது தொடவில்லை. சாயங்காலம் வரைக்கும் இரண்டு காகங்கள் பின்கட்டுக் கூரையிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. அவற்றையும் விரட்டினார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு எனக்குப் போன் வந்தது. "தம்பி, காக்கா எல்லாம் சேந்து ஒரு பருந்துக் குஞ்சைக் கொல்லப் பாத்துச்சு. காப்பாத்தி வச்சிருக்கேன். எதுவும் சாப்பிட மாட்டேங்குது." வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இருட்டும் ஒரு கண்ணும் மட்டுமே தெரிந்தன. ரத்தம் வருகிறதா, பூனை வாய் வைத்ததா, மூச்சு விடும்போது வாய் திறந்து சத்தம் வருகிறதா என்று மூன்று கேள்விகள் கேட்டேன். மூன்றுக்கும் இல்லை என்றார். பூனை கடித்திருந்தால் அந்த இரவே கிளம்பியிருப்பேன். பூனையின் எச்சிலில் இருக்கும் கிருமி பறவை உடம்பில் ஒன்றிரண்டு நாளிலேயே பரவிவிடும். காயம் ஊசிமுனை அளவு இருந்தாலும் மருத்துவர் கையில் கொடுக்க வேண்டும். அப்படி இல்லாததால், அட்டைப் பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து, காற்றுக்கு ஓட்டை போட்டு, உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத அறையில் வைக்கச் சொன்னேன். தண்ணீரோ பாலோ தயிர்சோறோ வேண்டாம் என்றேன். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் வேர்ப்பகுதியை ஒட்டியே திறந்திருக்கிறது. மேலிருந்து சொட்டுவது நேராக அங்கே போகலாம். பால் அதற்குச் செரிக்கவும் செரிக்காது.

இரண்டாம் நாள் காலை: பார்த்ததும் பார்க்காததும்

ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கிணற்றடிக் குவியலின் மேல் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. குறிப்பேட்டில் "குவியலின் மேல் காகம் 2, கத்தவில்லை, கிளைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கின்றன" என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

குஞ்சு உயிர்ப்போடு இருந்தது. பெட்டியைத் திறந்ததும் பின்னால் நகர்ந்து, வாயைப் பிளந்து, கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டது. முந்தின நாள் பால் நெஞ்சுச் சிறகில் காய்ந்து, கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்திருந்தது. புளித்த வாடை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது.

உடம்பு கரும்பழுப்பு, முதுகிலும் இறக்கையிலும் வெளிர் புள்ளிகள். வால் பாதி வளர்ச்சி. இறக்கையை மெதுவாக விரித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவில் விரிந்து ஒரே மாதிரி மடங்கின, எலும்பு முறிவு தெரியவில்லை. பறக்கும் சிறகுகளின் அடியில் நீலம் பாய்ந்த உறை இன்னும் இருந்தது. வளர்கிற சிறகுக்குள் ரத்தம் ஓடும். அந்த உறை உதிர்ந்தால்தான் சிறகு முற்றியது என்று பொருள். ஆக, பிறந்து மூன்று வாரத்தை ஒட்டிய குஞ்சு, கூட்டைவிட்டு வெளியே வர ஒன்றிரண்டு நாள் இருந்த நிலையில் கிளையோடு கீழே வந்திருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

காலைப் பார்த்ததும் இனம் தெரிந்துவிட்டது. காகத்துக்கும் பருந்துக்கும் முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. இதற்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. குயில் குடும்பம். செம்போத்தும் இதே குடும்பம்தான், ஆனால் அதன் பின்விரல் ஒன்றில் நீண்டு நேரான நகம் இருக்கும், இறக்கை செங்கல் நிறத்தில் இருக்கும். இது குயில். ஆணா பெண்ணா என்று சொல்லத் துணியவில்லை.

நான் பார்த்தது வலது கால். குஞ்சைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தேன், வலது கால் வெளியே நீண்டிருந்தது. இடது காலை வயிற்றோடு மடக்கி வைத்திருந்தது. விரலை எண்ணி முடித்த மகிழ்ச்சியில் அதை விரித்துப் பார்க்கவில்லை.

ஆசிரியையிடம், "அம்மா, இது குயில் குஞ்சு. நேத்து நீங்க விரட்டுனது இதோட அம்மா அப்பாவை" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "தினம் ஒரு கவளம் வச்சிட்டுத்தான் சாப்பிடுவேன் தம்பி. அதே காக்காயா?" என்றார். அதே காகங்களாகத்தான் இருக்க வேண்டும்.

எடுத்த முடிவும் காரணமும்

என் முன்னால் இரண்டு வழிகள். குஞ்சைக் கையில் வளர்த்து விடுவது ஒன்று, காகங்களிடமே திருப்பித் தருவது மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தேன்.

கையில் வளர்ப்பது முடியாததல்ல, ஆனால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை முக்கால் மணிக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், மனிதனைக் கண்டால் வாயைத் திறக்கப் பழகிய பறவை வெளியே போய் எல்லா மனிதர்களிடமும் வாயைத் திறக்கும். சட்டப்படியும் காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. ரொம்ப நாள் வைத்திருக்க வேண்டி வந்தால் வனத்துறைக்குச் சொல்வதே முறை. இதே சட்டத்தில் காகம் பல காலம் எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. நமக்கு வேண்டிய வளர்ப்புத் தாயும் தந்தையும் அந்தப் பட்டியலில் கிடந்த பறவைகள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மனிதன் தொட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்று தையற்காரர் சொன்னார். பரவலான நம்பிக்கை, உண்மை இல்லை. பெரும்பாலான பறவைகள் குஞ்சை வாசனை வைத்து ஒதுக்குவதில்லை. குரலும் திறந்த வாயும் போதும். என் கவலை வேறு: முந்தின நாள் பகல் முழுவதும் ஊட்டாமல் இருந்த காகங்கள் அந்தக் குஞ்சைக் கைவிட்டிருக்குமோ என்பது.

கூடு இல்லாததால் ஒரு மூங்கில் கூடையை எடுத்தோம். மழை வந்தால் தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் பின்னல் இடைவெளி இருந்தது. உள்ளே வேப்பங்குச்சிகளும் கொஞ்சம் தேங்காய் நாரும். மீதியிருந்த கிளையின் கவட்டில், வெயில் படாத பக்கமாக, பத்தடி உயரத்தில் கட்டினோம். தையற்காரர்தான் ஏறினார். பழைய கூட்டின் சிதறல் சில கீழே கிடந்தன: சுள்ளி, கம்பித் துண்டு, துணி மாட்டும் கம்பியின் வளைவு, நீல நிற பிளாஸ்டிக் இழை. நகரத்துக் காகக் கூட்டில் இதெல்லாம் வழக்கம் என்பதால் கண்டுகொள்ளவில்லை. அந்த நீல இழையை இன்னும் ஒரு நிமிடம் பார்த்திருக்க வேண்டும்.

காத்திருப்பு

ஆறரைக்குக் குஞ்சைக் கூடையில் வைத்தோம். ஆறு ஐம்பதுக்கு அது கத்த ஆரம்பித்தது. காகக் குஞ்சின் கத்தலைப் போலவே, கொஞ்சம் கீச்சென்று. குவியலின் மேல் இருந்த காகங்களில் ஒன்று உடனே எழும்பி வேம்புக்குப் போனது. இரண்டு கிளை தள்ளி உட்கார்ந்து எங்களையே பார்த்தது. நாங்கள் மூன்று பேரும் பின்வாசல் படியில் நின்று அதைப் பார்த்தோம். எட்டரை வரை அப்படியே போனது. காகம் வருவதும், கூடையின் விளிம்பு வரை போவதும், எங்களைப் பார்த்துத் திரும்புவதும்.

நாங்கள்தான் தடை என்று எனக்கு உறைக்க அவ்வளவு நேரமானது. எல்லாரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்தோம். பதினைந்து நிமிடத்தில் காகம் தொண்டை புடைக்க வந்தது. குஞ்சு உடம்பைத் தாழ்த்தி, இரண்டு இறக்கைகளையும் நடுங்க வைத்து, வாயைப் பிளந்தது. காகம் தன் அலகை அதன் தொண்டைக்குள் முழுசாக விட்டு எடுத்தது.

ஆசிரியை வாயில் கை வைத்துக்கொண்டார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாங்க. இது அதோட குஞ்சுகூட இல்லையே" என்றார்.

பதினோரு மணி வரை ஒன்பது முறை ஊட்டல் பதிவாகியிருக்கிறது. இடையில் ஆசிரியை ஒரு கவளம் தயிர்சோற்றைச் சுவரில் வைத்துவிட்டார். காகம் அதை எடுத்துத் தொண்டையில் அடைத்துக்கொண்டு நேராகக் கூடைக்குப் போனது. கொடுக்கக் கூடாது என்று நான் இரவு போனில் பாடம் நடத்திய அதே தயிர்சோறு. காகத்திடம் பாடம் நடத்த முடியாதே, சரி என்று விட்டுவிட்டேன்.

மதியம் நான் வீடு திரும்பினேன். மூன்று மணிக்குப் போன்: குஞ்சு கூடையிலிருந்து கிளைக்குத் தாவி, வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது. "சிறகு இன்னும் முற்றவில்லை, இரண்டு மூன்று நாள் இப்படித்தான், திரும்பக் கூடையில் வையுங்கள்" என்றேன். கூட்டை விட்டு வெளியே வந்த குஞ்சுகள் சில நாள் தரையில் தத்தித் திரிவது இயல்புதான். எந்தப் புத்தகத்திலும் இருக்கும் பதில். இந்தக் குஞ்சுக்கு அது பொருந்தவில்லை.

மூன்றாம் நாள்: இரண்டு கண்டுபிடிப்புகள்

காலை எட்டு மணிக்குத் தையற்காரர் கூப்பிட்டார். "சார், அது ஒத்தக் காலிலேயே நிக்குது. ரெண்டு தடவை விழுந்துருச்சு. ரெண்டு தடவையும் இடது பக்கமாத்தான் சாயுது." பத்து வருட அனுபவம் உள்ள நான் கேட்காத கேள்விக்கு, ஒன்றரை நாள் பார்த்த அவரிடம் பதில் இருந்தது.

போய்க் குஞ்சை எடுத்து இடது காலை விரித்தேன். கணுக்காலுக்கு மேலே நீல பிளாஸ்டிக் இழை மூன்று சுற்று சுற்றியிருந்தது. கால் வளர வளர இழை இறுகி, ஒரு சுற்று தோலுக்குள் புதைந்து, அதன் கீழே பாதம் வீங்கிப் பளபளத்தது. பின்பக்க வெளிவிரல் நுனி கறுத்திருந்தது. "சாக்குத் தைக்கிற நூல் சார் இது" என்றார் தையற்காரர். கூட்டுக்கு மெத்தையாகக் காகம் கொண்டுவந்த இழை, குஞ்சின் காலில் கூட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது.

பறக்கத் திணறியதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. சிறகு முற்றாதது ஒரு பகுதி மட்டுமே. பறவை எழும்புவது முதலில் காலால் தரையை உந்தித்தான். அந்த உந்துதலுக்குப் பிறகே இறக்கை வேலை செய்கிறது. ஒரு கால் உந்தாததால் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறது. முதல் நாள் பையன் பார்த்த "பக்கவாட்டில் சாய்ந்து" என்பதும் இதுவே. அவன் சொன்னதை எழுதிக்கொண்டேன், யோசிக்கவில்லை.

தையற்காரர் நூல் வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து நீட்டினார். கை துறுதுறுத்தது. ஆனாலும் வெட்டவில்லை. வெளியே தெரிந்த இரண்டு சுற்றையும் வெட்டியிருக்கலாம். புதைந்த சுற்றை இழுத்தால் ரத்தக்குழல் கிழியும், அந்த அளவுள்ள பறவைக்குக் கொஞ்ச ரத்தம் போனாலும் ஆபத்து. பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் போனோம். ஆடு மாடுகளுக்கு நடுவே வரிசையில் நின்றோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டு, வளைந்த முனையுள்ள சிறு கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தார். மூன்றாவது சுற்றுக்கு மட்டும் பத்து நிமிடம். காயத்தைக் கழுவி, மருந்து தடவி, எடை போட்டு, வாய்வழியாக ஒரு மருந்தும் கொடுத்தார். மருந்தின் பெயரையும் அளவையும் இங்கே வேண்டுமென்றே விடுகிறேன். படிப்பவர் யாராவது கண்ணளவில் கொடுத்துவிடக் கூடாது. கறுத்த விரல் பிழைக்காமல் போகலாம், மற்ற மூன்றும் தேறும் என்றார். அன்று இரவு அசையாமல் வைத்திருந்து மறுநாள் காலை திருப்பி விடலாம் என்பது அவர் யோசனை. நானும் ஒப்புக்கொண்டேன்.

வீடு திரும்பியபோது கிளை ஏற்றும் வண்டி வந்திருந்தது. குவியலைக் கலைத்தபோது அடியில் ஒரு காகக் குஞ்சு செத்துக் கிடந்தது. எறும்பு மொய்த்துப் பாதி போயிருந்தது. பையன் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் காலை அந்தக் குவியலின் மேல் உட்கார்ந்து கிளைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்த காகங்களை நான் பார்த்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் குஞ்சு உயிரோடு இருந்ததா என்று சொல்ல வழியில்லை.

மூன்றாம் நாள் இரவு முதல்

மாலை வரை நான்தான் ஊட்டினேன். அவித்த முட்டையின் வெள்ளைக் கரு, பப்பாளி, சிறு சிறு துண்டாக, மழுங்கிய முனையுள்ள குச்சியால். ஊட்டும்போது யாரும் பேசவில்லை. பெட்டிக்கு மேல் துணி போட்டு, கை மட்டும் உள்ளே போகும்படி வைத்துக்கொண்டோம். இருட்டியதும் நிறுத்திவிட்டோம்.

நான்காம் நாள் காலை ஆறு பத்துக்குத் திரும்பக் கூடையில் வைத்தோம். கிட்டத்தட்ட ஒரு பகல் முழுவதும் காகங்களின் கண்ணில் படாமல் இருந்த குஞ்சு. இந்த முறை ஆரம்பத்திலேயே கதவைச் சாத்திக்கொண்டோம். குஞ்சு குரல் கொடுத்தது. இருபது நிமிடத்தில் ஊட்டல் நடந்தது.

அதன் பிறகு சொல்ல அதிகம் இல்லை. ஐந்தாம் நாள் கூடையை விட்டு வெளியே வந்து கிளையில் இரண்டு காலாலும் நின்றது. ஆறாம் நாள் வேம்பிலிருந்து பக்கத்து முருங்கைக்கு, முருங்கையிலிருந்து மாடிச் சுவருக்கு. அன்று மதியம் ஒரு கடுவன் பூனை சுவரில் ஏறியது. காகங்கள் இரண்டும் சேர்ந்து கூப்பிட, எங்கிருந்தோ இன்னும் நான்கு வந்து, பூனையை ஓட ஓட விரட்டின. முதல் நாள் ஆசிரியை பார்த்த அதே கூச்சல், அதே தாழ்ந்த பாய்ச்சல். இந்த முறை அவர் கம்பைத் தேடவில்லை.

அவரைக் காகங்கள் மன்னிக்கவும் இல்லை. துணி உலர்த்த மாடிக்குப் போனால் தலையைத் தட்டிவிட்டுப் போகும். பையனையோ தையற்காரரையோ தொடுவதில்லை. இரண்டு வாரம் குடை பிடித்துக்கொண்டுதான் துணி உலர்த்தினார். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்துவிட்டு, பின்னால் அந்த முகமூடியோடு நடந்தபோதெல்லாம் காகங்கள் அடையாளம் கண்டு கத்தியதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அது வேறு இனக் காகம். திருச்சிக் காகத்துக்கு அந்த நினைவுத்திறன் குறைவு என்று ஆசிரியையிடம் யாரும் சொல்ல முடியாது.

ஒன்பதாம் நாள் தெருவைத் தாண்டி எதிர் வீட்டுப் புங்கமரம் வரை நேராகப் பறந்தது. பதினான்காம் நாளும் காகத்திடம் வாயைத் திறந்து கெஞ்சிக்கொண்டிருந்ததைப் பையன் பார்த்தான், ஆனால் காகம் மூன்று முறைக்கு ஒரு முறைதான் ஊட்டியது. பதினாறாம் நாள் வேப்பம்பழத்தைத் தானே பறித்து விழுங்கியது. இடது காலின் பின்பக்க வெளிவிரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. அது அப்படியே நின்றுவிடும் என்று நினைக்கிறேன். அடுத்த நாளிலிருந்து அந்தத் தெருவில் அது தென்படவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இரண்டாம் நாள் காலையிலேயே இடது காலை விரித்திருந்தால் ஒன்றே கால் நாள் மிச்சமாகியிருக்கும். கறுத்த விரல் ஒருவேளை பிழைத்திருக்கும். இனம் கண்டுபிடிக்க ஒரு கால் போதும், உடம்பைச் சோதிக்க இரண்டும் வேண்டும். இப்போது எந்தக் குஞ்சைக் கையில் எடுத்தாலும் இனம் என்ன என்பதை யோசிப்பதற்கு முன் இரண்டு கால்களையும், இரண்டு அக்குளையும், கழுத்தையும் இழைக்காகத் தடவிப் பார்க்கிறேன். நகரத்துக் காகக் கூட்டிலிருந்து விழுந்தது என்றால் இன்னொரு முறையும் பார்க்கிறேன்.

கூடு கிளையோடு விழுந்தது என்று தெரிந்த உடனேயே கேட்க வேண்டிய கேள்வி, "கூட்டில் எத்தனை குஞ்சு?" என்பது. நான் போனிலும் கேட்கவில்லை, நேரிலும் கேட்கவில்லை. ஒரு குஞ்சு கையில் கிடைத்ததும் கண் அதன் மேலேயே நின்றுவிட்டது. முதல் இரவே குவியலைக் கலைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், அரை மணி நேர வேலை.

பறவை இப்படித்தான் பறக்கப் பழகும் என்று போனில் சொன்னதையும் இனி அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டேன். விழுகிறது என்றால், எந்தப் பக்கம் விழுகிறது, எந்தக் காலில் நிற்கிறது என்று முதலில் கேட்பேன். ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப விழுந்தால் அது வயது குறைவினால் மட்டும் இருக்காது.

காத்திருப்பில் வீணான ஒன்றரை மணி நேரமும் என் கணக்கில்தான் வரும். ஜன்னலுக்குப் பின்னால் போவதை முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டும்.

பஞ்சாரம், இங்க் ஃபில்லர், மாடியிலிருந்து தூக்கி விட்டது எல்லாம் நல்ல மனதோடு செய்தவைதான். அவற்றுக்காக அந்த வீட்டாரைக் கண்டிக்கவில்லை. பையன் மட்டும் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்து, "நான் தூக்கிப் போட்டதாலதான் கால் போச்சா அங்கிள்?" என்று கேட்டான். இல்லை, நூல் அதற்கு முன்பே இருந்தது என்றேன். நூலின் ஒரு துண்டை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வேம்பில் இன்னும் கழிக்க வேண்டிய ஒரு கிளை மிச்சம் இருக்கிறது. ஆசிரியை அதைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.